மக்கர் பண்ணும் காரோடு ஆறு வருஷம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தினமும் வேலைக்குப் போய்வர வேறு வண்டி இருக்கிறதா? இல்லை என்றால் வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொல்லிவிடுவேன். கார் மோசமானது என்பதற்காக இல்லை. நாளைக் காலையில் வண்டி ஓடியே ஆகவேண்டும் என்ற அவசரம் இருந்தால், யார் எதை மாற்றச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டி மாற்றிவிடுவோம். என்னுடைய முதல் ஐந்து மாதச் செலவில் பாதிக்கு மேல் அந்த அவசரத்துக்குக் கொடுத்த காசுதான்.

என்னுடையது 1980களில் வந்த கார். இரண்டே சீட், எஞ்சின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால். நான்கு சிலிண்டர், வால்வுகளைத் திறந்து மூட இரட்டை கேம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்ப இரண்டு கார்புரேட்டர், ஒவ்வொன்றிலும் காற்று உள்ளே போக இரண்டு தொண்டை. விளக்கைப் போட்டால் மூடி எழுந்து கண் திறக்கும் ஹெட்லைட். எடை ஆயிரம் கிலோவுக்கும் சற்றுக் கீழே. பவர் ஸ்டியரிங், ஏபிஎஸ், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஆறு வருஷத்தில் 22,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன், நான்கு முறை டோ வண்டியில் ஏற்றி வந்திருக்கிறேன், வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு செலவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

முதல் பெரிய தொல்லை ஸ்டார்ட்டிங்கில் வந்தது. ஒருநாள் ஒரே திருப்பில் பிடிக்கும், மறுநாள் செல்ஃப் அடித்தால் உர்ர்ர் என்று இழுத்துவிட்டு நின்றுவிடும். பேட்டரி போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். ஒரு வாரம் ஓடியது, மறுபடி அதே கதை. ஸ்டார்ட்டர் மோட்டார் என்றார்கள், அதையும் மாற்றினேன். எஞ்சின் நடுவில் இருக்கிற காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுவது அரைநாள் வேலை, அந்தக் கூலி மோட்டார் விலையை எட்டிப் பிடித்தது. அப்புறமும் அதே கதைதான். மூன்றாவதாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, “தம்பி, நான் சொல்றவரைக்கும் செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருங்க” என்றார். பத்து விநாடி ஆனதும் போதும் என்று கைகாட்டிவிட்டு, என்னைப் பின்னால் கூப்பிட்டு, கார்புரேட்டருக்குப் போகிற ஆக்சிலேட்டர் கேபிளைத் தொடச் சொன்னார். சூடாக இருந்தது. ஸ்டார்ட் ஆகாத, ஆறிக்கிடந்த எஞ்சினில் ஆக்சிலேட்டர் கேபிள் மட்டும் எப்படிச் சூடாகும்?

விஷயம் இதுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்சாரம் நூறு ஆம்பியருக்கும் மேலே. அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து மோட்டாருக்குப் போனால் போதாது, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் பட்டை வழியாகத் திரும்பி வரவும் வேண்டும். அந்தப் பட்டையின் முனையில் துரு ஏறிப்போய், மின்சாரம் வேறு வழி தேடி, எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருந்த ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் இன்னொன்றைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னார்: 2.3 வோல்ட் வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. அரை வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை, 0.2க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு இறுக்கினார். மறுபடி அளந்தால் 0.15. மொத்த வேலையும் நாற்பது நிமிஷம்தான், பட்டையின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. “முதல்ல அளந்து பாருங்க, அப்புறம் மாத்துங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கே ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கினேன். இந்தக் காருக்காக வாங்கிய கருவிகளில் அதிகமாக மிச்சப்படுத்திக் கொடுத்தது அதுதான். நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4க்குக் கீழே போனால் சார்ஜரில் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.5 வரை, அப்படியானால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஹெட்லைட் ஒன்று எழுந்து ஒன்று எழாமல் இருப்பது, இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஆடுவது, மழை பெய்த மறுநாள் மட்டும் வைப்பர் படுத்துவிடுவது, இதெல்லாம் ஏதோ காருக்கே ஒரு குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு எர்த் இணைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரு சனி, ஞாயிறில் கழற்றித் தேய்த்து மாட்டினேன், முக்கால்வாசி மர்மங்கள் அன்றோடு முடிந்தன. பழைய காரின் மின்சாரக் கோளாறு என்று யார் சொன்னாலும், முதலில் எர்த், அடுத்து பியூஸ் பெட்டியின் பச்சைக் களிம்பு, அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாதது வேறு விஷயம். பெட்ரோல் போட நிறுத்துவேன், ஐந்து நிமிஷம் கழித்து வந்து திருப்பினால் பிடிக்காது. அரைமணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி பிடிக்கும். எஞ்சின் நடுவில் இருக்கிற காரில் வண்டியை நிறுத்தியதும் காற்று நின்றுவிடுகிறது, எஞ்சின் அறையின் சூடு குறையாமல் இன்னும் கொஞ்ச நேரம் ஏறுகிறது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து வழிந்து உள்ளே இறங்கி, சிலிண்டருக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போய் அடைத்துக்கொள்கிறது. இந்த நேரத்தில் ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் ஒரு பீய்ச்சல் பெட்ரோல் உள்ளே போகும். செய்ய வேண்டியது, ஒரே தடவை மெதுவாகத் தரைவரை மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது. காற்று நிறைய உள்ளே போய், நாலைந்து விநாடியில் பிடித்துக்கொள்ளும், பிடித்ததும் காலை எடுத்துவிடலாம். இது தெரிந்த பிறகு சூட்டில் ஒருமுறைகூட நடுவழியில் நின்றதில்லை. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் தடித்த கேஸ்கட் ஒன்றும் போட்டேன், அதுவும் உதவுகிறது.

சரி, செலவு. ஆறு வருஷச் செலவை மொத்தமாக 100 பங்கு என்று வைத்தால், பெட்ரோல் 18, இன்சூரன்சும் வரியும் 14, டயர் 11, திட்டமிட்டுச் செய்த சர்வீஸ் 25, மீதி 32 எதிர்பாராமல் வந்தது. அந்த 32இல் கிட்டத்தட்ட பாதி முதல் வருஷத்திலேயே போய்விட்டது. கடைசி இரண்டு வருஷத்தில் எதிர்பாராத செலவு மிகவும் குறைவு, காரின் வயது கூடியிருக்கிறது, தொல்லை குறைந்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் வாங்கியவர் தலையில்தான் விடியும். அதனால் வாங்கும் விலையோடு அதில் கால் பங்கை முதல் வருஷத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பணம் கையில் இல்லை என்றால் ஒரு படி குறைந்த காரை, ஆனால் நன்றாகப் பராமரித்த காரை வாங்குங்கள். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவர்கள் யாரும் கடைசியில் மலிவாக முடித்ததை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, இந்த மாதிரிக் கார்களில் உதிரிபாகத்தின் விலையைவிட அதை எட்டிப்பிடிக்கும் கூலிதான் பயமுறுத்தும். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமளவில் தயாரித்த கார்களில், 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004இல் முதன்முதலாக வந்த இந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட், சங்கிலியைவிடச் சத்தம் குறைவு, செலவும் குறைவு. ஆனால் ரப்பர் என்பதால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு வயதாகும். என் கார் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வரும்போது வால்வு கீழே நின்றுகொண்டிருக்கும், இரண்டும் மோதினால் எஞ்சின் காலி. நான் வாங்கும்போது “பெல்ட் மாற்றி 8,000 கிலோமீட்டர்தான் ஆகிறது” என்றார் விற்றவர். பில்லை வாங்கிப் பார்த்தால் தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. அவர் பொய் சொல்லவில்லை, கிலோமீட்டரை மட்டும் சொன்னார். பெல்ட்டைப் பார்க்கவே சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டையும் பக்கத்துச் சக்கரத்தையும் எஞ்சின் தாங்கியையும் கழற்ற வேண்டும். அவ்வளவையும் கழற்றிய பிறகு பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தண்ணீர் பம்ப், முன்பக்க ஆயில் சீல் மூன்றையும் சேர்த்து மாற்றாமல் மூடுவது பெரிய தப்பு. பாகம் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மாற்றுங்கள், இரண்டாவது முறை திறக்கிற கூலியில் மூன்று தண்ணீர் பம்ப் வாங்கலாம்.

டயரிலும் அதே ஏமாற்றம்தான். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும், 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். வாங்கியபோது என் காரின் டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் வரி, ஆழமாக இருந்தது, வயது பதினொன்று. நான் பார்க்கவே இல்லை. முதல் மழையில், மெதுவாகத்தான், ஒரு வளைவில் திரும்பும்போது எதிரே ஏதோ வருவதைப் பார்த்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். எஞ்சின் பின்னால் இருக்கிற காரில் வளைவில் அப்படிக் காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும், அதிலும் டயர் கல்லாக இறுகிப்போயிருந்தால் கேட்கவே வேண்டாம். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் கார் வந்த வழியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. யார்மேலும் எதன்மேலும் படவில்லை. கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. அன்றிலிருந்து இரண்டு விஷயம்: ஆறு வருஷம் தாண்டிய டயரை ஒவ்வொரு வருஷமும் சோதிப்பேன், எட்டு வருஷத்தில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிவிடுவேன். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனதும் காலை நிலையாக வைத்திருப்பேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தர ஆயில் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155க்கு வந்துவிடும். மலை இறங்கும்போது மிதி பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள், இருப்பதிலேயே மலிவான உயிர்க்காப்பு இது.

பெட்ரோல் ஹோஸைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், 1980களில் போட்ட ரப்பர் அதற்காகச் செய்தது கிடையாது. உள்ளே இருந்து மிருதுவாகிக் கரையும், வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். நான் ஒரு ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது மேல்தோல் முழுக்க மெல்லிய கீறல்கள், முனையில் அழுத்தினால் கறுப்பு மை மாதிரி விரலில் ஒட்டியது. அந்த ஹோஸ் எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில், என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வகைக் கார்கள் தீப்பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர்வரை எல்லா ரப்பரையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற பெட்ரோல் ஹோஸ் தரத்தில் மாற்றினேன், கிளிப்பையும் சேர்த்து. சீட்டுக்கு முன்னால் ஒரு தீயணைப்பான் இருக்கிறது. வாங்கிய முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை இது, பாலிஷும் புது மேட்டும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஓட்டாமல் வைப்பது. இரண்டாவது வருஷம் வேலை அதிகம் என்று நான்கு மாதம் மூடி வைத்தேன். திரும்ப எடுத்தபோது கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பின் பிரேக் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது, கார்புரேட்டர் ஜெட்டில் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. அந்த நான்கு மாதம் நோட்டில் ஒரு முழுப்பக்கம் பிடித்திருக்கிறது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நாற்பது நிமிஷம் ஓட்டுகிறேன். பத்து நிமிஷம் போதாது, தண்ணீர் சூடான பிறகும் ஆயில் சூடாக இன்னும் அதே அளவு நேரம் பிடிக்கும், ஆயில் நன்றாகச் சூடானால்தான் அதில் இறங்கிய ஈரம் ஆவியாகிப் போகும். அதுவரை 3,000 ஆர்பிஎம்முக்கு மேலே போகமாட்டேன். ஆயில் மாற்றுவதும் கிலோமீட்டர் கணக்கில் இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை.

இவ்வளவு சொன்ன பிறகு, எதற்காக இதையெல்லாம் செய்கிறாய் என்று கேட்பீர்கள். ஓட்டிக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும், எழுத்தில் கொஞ்சம் கஷ்டம். சீட்டில் உட்கார்ந்தால் ரோடு இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஸ்டியரிங்கில் உதவி எதுவும் இல்லாததால் முன்சக்கரம் எதன்மேல் ஏறுகிறது என்பது விரல்நுனிக்கு வந்துவிடும்: தார் மாறுவது, வெள்ளைக்கோடு, ஈரம், எல்லாமே. வளைவில் திருப்பினால் காரின் மூக்கு திரும்புவதாகத் தோன்றாது, நான் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றியே முழு வண்டியும் திரும்புகிற மாதிரி இருக்கும். 4,000 ஆர்பிஎம் தாண்டும்போது தலைக்குப் பின்னால் நான்கு தொண்டையும் சேர்ந்து காற்றை இழுக்கிற சத்தம் இருக்கிறதே, முழங்குகிற மாதிரி ஒரு கனத்த குரல், அதற்காகவே இரண்டாவது கியரில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் இருந்துவிடுவேன். வேகமும் பெரிதாக ஒன்றும் இல்லை, இன்றைய சாதாரண கார்கள் பல என்னைத் தாண்டிப் போகும். அறுபது கிலோமீட்டரிலேயே உடம்பு முழுக்க வேலை செய்கிறது, மனசில் வேறு எதற்கும் இடமில்லாமல் போகிறது. விடியற்காலையில் ஒரு மணிநேரம் ஓட்டிவிட்டு வந்தால் அந்த வாரம் முழுக்க நன்றாக இருக்கும்.

இரண்டாவது கியர் ஆரம்பத்தில் குளிரில் கறகற என்று அரைக்கும். கியர்கள் உரசாமல் சேர உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். அளந்து பார்த்துவிட்டு மாற்று என்ற பாடம் அதற்குள் கற்றிருந்தேன், அதனால் முதலில் என்ன ஆயில் இருக்கிறது என்று பார்த்தேன். முன்பு யாரோ ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றியிருந்தார்கள், பழைய பித்தளை சின்க்ரோ உள்ள பல கியர்பாக்ஸுக்கு அது ஒத்துவராது. கையேட்டில் போட்டிருந்த ஜிஎல்-4 ஊற்றினேன். ஒரு மாதத்தில் கறகறப்பு பெரும்பாலும் போய்விட்டது. இன்னமும் குளிர்ந்த எஞ்சினில் முதல் ஐந்து நிமிஷம் இரண்டாவது கியரை அவசரப்படுத்தமாட்டேன், அது தானாக உள்ளே போக அரை விநாடி கொடுப்பேன்.

கார்புரேட்டர் டியூனிங்கும் அந்த வயதான மெக்கானிக் சொல்லிக்கொடுத்ததுதான். கை நீள ரப்பர் ஹோஸ் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, இன்னொரு முனையை ஒவ்வொரு தொண்டையாகக் கொண்டுபோனார். நான்கிலும் ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் ஒரே அளவில் கேட்க வேண்டும். என்னிடம் ஹோஸைக் கொடுத்தபோது எனக்கு நான்கும் ஒன்றாகவே கேட்டது. “மூணாவதை மறுபடி கேளுங்க” என்றார். மூன்று, நான்கு, மறுபடி மூன்று. கொஞ்சம் கூர்மையாக, விசில் கலந்த மாதிரி. ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பினார், விசில் போய்விட்டது, எஞ்சின் ஐட்லிங் அப்படியே 900இல் வந்து உட்கார்ந்தது, டேஷ்போர்டின் அதிர்வு நின்றது. காற்றை அளக்கும் மீட்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. முதலில் ஹோஸில் கேட்டு முடித்துவிட்டுத்தான் மீட்டரை வைப்பேன்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காரைப் பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் வரும் புகையும் சத்தமும்தான் உண்மை சொல்லும். பின்னர் இருபது நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த மாடல் கார்களை மட்டுமே பார்க்கிற மெக்கானிக் யாராவது இருந்தால் பணம் கொடுத்து அழைத்துப்போய் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று, பார்க்கச் சொல்லுங்கள். பில் கட்டு தடிமனாக இருக்கிற காரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பில்லே இல்லாத காரைப் பார்த்துப் பயப்படுங்கள்.

வண்டி நிற்கும் இடத்தில் கீழே எப்போதும் ஒரு பெரிய அட்டை விரித்து வைத்திருக்கிறேன், எது எங்கே சொட்டுகிறது என்று பார்க்க. பச்சையாக இனிப்பு வாசனையோடு முன்பக்கம் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர், பழுப்பாக நடுவில் இருந்தால் எஞ்சின் ஆயில், நிறமே இல்லாமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பிரேக், அப்போது வண்டியை நகர்த்தவே கூடாது. இன்று காலை பார்த்தபோது இடது பின்சக்கரத்துக்குச் சற்று உள்ளே ஒரு புதுச் சொட்டு, ஒரு ரூபாய் நாணயம் அளவு. விரலில் தொட்டு முகர்ந்தேன், அழுகின முட்டை மாதிரி கந்தக வாசனை. கியர் ஆயில். ஆக்ஸில் வெளியே வருகிற இடத்தின் சீல் கசிகிறது, கை எட்டுகிற இடம்தான், நானே மாற்றிவிடலாம். சீலுக்குச் சொல்லியாயிற்று, சனிக்கிழமை வந்துவிடும். அதற்கு முன்னால் வியாழக்கிழமை விடியற்காலையில் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு, ஒரு மணிநேரம் ஓட்டிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.